ஆற்றுக்கு முன்னால் ஓர் அடுக்களை

கொமெத் வழியில் நடக்கப் போகிற நண்பர்களுக்கு,

ஆண்டுதோறும் செப்டம்பரில் பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஒன்றுகூடுகிறீர்கள். சிபூர், சான்-ழான்-த-லூஸ் ஊர்களின் பக்கமிருந்து கிளம்பி, உர்ரூன்யக் குன்றுகளில் ஏறி இறங்கி, எல்லையாக ஓடும் பிதாசோவா ஆற்றைக் கடந்து, ஸ்பெயினுக்குள் ரெண்டெரியாவுக்கு அருகிலிருக்கும் சரோபே பண்ணைவீடு வரை போகிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்திலும் பிரான்சிலும் விழுந்த நேசநாட்டு விமானிகளை, 1941 முதல் 1944 வரை ஊர் ஊராக ஒளித்துக் கொண்டுவந்து, இரவோடு இரவாக எல்லை தாண்டவைத்த கொமெத் என்ற பாதையின் கடைசித் துண்டு அது. உங்களில் அந்த விமானிகளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒளித்து வைத்தவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். மலை என்றால் எங்கேயும் கிளம்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஆற்றங்கரைக்கும் மலைமுகட்டுக்கும் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது இந்த வழியில் இருக்கும் வீடுகளுக்குக் கொடுங்கள். நடையை ஒரு வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள். மரியாதைக்காக ஒரு சடங்கைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லவில்லை. இந்த வழி எப்படி இயங்கியது, எங்கே அறுந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டின் கதவுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1941 ஆகஸ்டில் பில்பாவோ நகரத்துப் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்கு 24 வயதுப் பெல்ஜியப் பெண் ஒருவர் வந்தார். பெயர் ஆந்த்ரே டி யோங். வீட்டில் தேதே என்பார்கள். அவரோடு ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயும் இரண்டு பெல்ஜிய இளைஞர்களும் இருந்தார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து இவர்களைக் கூட்டி வந்திருக்கிறேன், இன்னும் நிறையப் பேரைக் கொண்டுவர முடியும், செலவுக்கு மட்டும் பணம் வேண்டும் என்றார். பிரிட்டிஷார் முதலில் சந்தேகப்பட்டார்கள், பிறகு நம்பினார்கள். தப்பி வருபவர்களுக்காகவே இருந்த எம்.ஐ.9 என்ற பிரிவு பணம் தந்தது; வழியை நடத்தும் பொறுப்பைப் பெல்ஜியர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். தேதே பிடிபடும் வரை தாமே நேரில் கூட்டிப்போனவர்கள் 118 பேர். கொமெத் மொத்தமாக பிரனீஸ் மலைத்தொடரைத் தாண்டவைத்த விமானிகள் ஏறக்குறைய 290 பேர். இந்தப் பணியில் ஏதோ ஒரு விதத்தில் கைகொடுத்தவர்கள் சுமார் 3,000 பேர். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லை தாண்டிய ஒரு விமானிக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். மலையில் அவரோடு நடந்தவர்கள் ஒருவர், இருவர். மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

வீட்டில் இருந்தார்கள். பெல்ஜியத்து வயல் ஒன்றில் பாராசூட்டில் இறங்கிய இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். முதலில் அவனுடைய சீருடையையும் பூட்ஸையும் எங்காவது மறைக்க வேண்டும். அவன் உயரத்துக்கு ஏற்ற கால்சட்டை கிடைக்க வேண்டும். அவன் காலுக்குச் செருப்பு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். போலி அடையாள அட்டை, அதில் ஒட்டப் புகைப்படம், முத்திரை. உண்மையாகவே விமானிதானா, உளவாளியா என்று விசாரிக்க ஆங்கிலம் தெரிந்த ஒருவர். பிறகு சோறு. ஆக்கிரமிப்புக் காலத்துப் பெல்ஜியத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ரேஷனில் 225 கிராம் ரொட்டி. வந்தவனுக்கு அட்டை கிடையாது. அவன் சாப்பிடுவது அந்த வீட்டுக் குழந்தைகளின் தட்டிலிருந்து வர வேண்டும், அல்லது கறுப்புச் சந்தையிலிருந்து வர வேண்டும். ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரு வாய் கூடினால் கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அமெரிக்கப் பையன் என்றால் முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிச் சாப்பிடுவான். அதை மறக்கச் சொல்லித்தர வேண்டும். சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, சில்லறையைக் குலுக்கக் கூடாது. இத்தனையையும் சொல்லிக்கொடுத்து, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வைத்திருந்து, ரயிலில் ஊமை போல உட்காரவைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வீடும் இதையேதான் செய்தது. இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். மலையைக் கடந்தது ஓர் இரவு. அந்த இரவைச் சாத்தியமாக்கிய வேலை பல வாரம் அடுக்களையிலும் மாடியறையிலும் நடந்தது.

அவர்கள் எதை எதிர்கொண்டு செய்தார்கள் என்பது எழுத்திலேயே இருக்கிறது. 1941 செப்டம்பர் 22 தேதியிட்டு, பிரான்சிலிருந்த ஜெர்மானியப் படைத் தளபதி ஓட்டோ ஃபான் ஸ்டூல்ப்னாகல் பெயரில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. எதிரி விமானிகளுக்கு நேராகவோ மறைமுகமாகவோ உதவும் ஆண்கள் அந்த இடத்திலேயே சுடப்படுவார்கள். பெண்கள் ஜெர்மனியிலுள்ள வதைமுகாம்களுக்கு அனுப்பப்படுவார்கள். விமானியைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 பிராங்க் வரை பரிசு. இதை விமானிக்கு இருந்த நிலையோடு ஒப்பிடுங்கள். பிடிபட்டால் அவர் போர்க்கைதி. 1929 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் அவருக்குப் பின்னால் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பொட்டலமும் வீட்டுக்குக் கடிதமும் உண்டு. சோறு போட்ட பெண்ணுக்குப் பின்னால் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில், விருந்தாளியைவிட வீட்டுக்காரர் பல மடங்கு பெரிய ஆபத்தில் இருந்தார்.

விமானிகளுக்கும் எல்லா நேரமும் ஒப்பந்தம் கைகொடுக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. 1944 ஆகஸ்டில் 168 நேசநாட்டு விமானிகள் புகென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். சாதாரண உடையில் பிடிபட்டதால் அவர்களைப் போர்வீரர்களாக ஏற்க கெஸ்டாப்போ மறுத்தது. அவர்களில் பலரைக் காட்டிக்கொடுத்தவன் ஜாக் தெசூப்ரி, கொமெத்துக்குள் ஊடுருவி அதன் தலைவர்களைப் பிடித்துக்கொடுத்த அதே ஆள். இரண்டு விமானிகள் அந்த முகாமிலேயே இறந்தார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். செய்தி ஜெர்மானிய விமானப்படையின் காதுக்கு எட்டியதும், அக்டோபரிலிருந்து அவர்கள் முறையான போர்க்கைதி முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். எதிரிப் படையிலும் விமானி விமானியைத் தன் இனமாகப் பார்த்தான். பிரஸ்ஸல்ஸின் ஒரு தெருவில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்த பெண்ணை வதைமுகாமிலிருந்து வெளியே எடுக்க எந்தப் படையும் கடிதம் எழுதவில்லை.

இனி, வழி அறுந்த இடங்களைப் பார்ப்போம். 1942 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் மரேஷால் என்ற குடும்பத்தின் வீட்டுக்கு இரண்டு அமெரிக்க விமானிகள் கொண்டுவரப்பட்டார்கள். வீட்டுத் தலைவர் ஜார்ஜ். மனைவி எல்சி இங்கிலாந்தில் பிறந்தவர். அதே பெயரில் பதினெட்டு வயது மகள், இளையவனாக ஒரு மகன். எல்சிக்கு ஆங்கிலம் தாய்மொழி என்பதால் வந்தவர்களின் பேச்சில் ஏதோ இடறியது. கழிப்பறையைக் கேட்க அவர்கள் பயன்படுத்திய சொல்லே ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாயில் வருகிற சொல்லாக இல்லை. ஆனால் வீடு தேடி வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்று. சற்று வெளியே உலாவிவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் துப்பாக்கியோடு திரும்பி வந்தார்கள். இருவரும் ஜெர்மானிய உளவாளிகள். அந்த ஒரு வாசலிலிருந்து தொடங்கிய கைதுகள் நூறு பேரளவுக்குப் பெருகின. ஜார்ஜ் மரேஷாலை 1943 அக்டோபர் 20 அன்று பிரஸ்ஸல்ஸில் சுட்டுக் கொன்றார்கள். தாயும் மகளும் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமுக்குப் போனார்கள். ஜெர்மானியர்கள் மலையில் காவலை இறுக்கியும் அறுக்க முடியாததை, ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறுத்துவிட்டார்கள். இந்த வழியின் பலம் எது என்று அதை அழிக்க நினைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாதவனுக்குக் கதவு திறக்கும் பழக்கம்தான் அந்தப் பலம். அதையே ஆயுதமாக்கினார்கள்.

இரண்டாவது இடம் உங்கள் நடைப்பாதையிலேயே இருக்கிறது. உர்ரூன்யத்தில் பிதெகாயின் பெர்ரி என்ற பண்ணைவீடு. பாஸ்க் மொழியில் பிதெ என்றால் வழி, பெர்ரி என்றால் புதிது. வழி என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்த அந்த வீட்டில் ஃபிரான்ச்சியா உசந்திசாகா என்ற இளம் விதவை தன் மூன்று சின்னப் பிள்ளைகளோடு இருந்தார். மலையேறுவதற்கு முன் கடைசியாகத் தங்கும் இடம் அது. வருபவர்கள் நனைந்திருந்தால் காயவைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, நகரத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றால் அடிப்பாகம் தைத்த பாஸ்க் துணிச்செருப்பை மாட்டிக்கொள்ளச் செய்வார்கள். ஈரப்பாறையில் வழுக்காது, சத்தமும் வராது. 1943 ஜனவரி நடுவில் விடாத மழை. தேதேயும் மூன்று பிரிட்டிஷ் விமானிகளும் வந்து சேர்ந்தபோது பிதாசோவா கரைபுரண்டு ஓடியது. வழக்கமான துறையில் இறங்க முடியாது. பாலம் வரை சுற்றிப் போனால் மணிக்கணக்கில் கூடுதல் நடை. விமானிகள் ஏற்கெனவே துவண்டிருந்தார்கள். வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். ஜனவரி 15 அன்று ஜெர்மானியர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். தேதே, ஃபிரான்ச்சியா, மூன்று விமானிகள், எல்லோரும் பிடிபட்டார்கள். விமானிகள் விசாரணைக்குப் பிறகு போர்க்கைதி முகாமுக்குப் போனார்கள். தேதே பல சிறைகளில் விசாரிக்கப்பட்டு, தந்தையைக் காப்பாற்ற நினைத்து, இந்த அமைப்பின் தலைவி நான்தான் என்று உண்மையையே சொன்னார். இத்தனை சின்னப் பெண்ணா என்று அவர்கள் நம்பவில்லை. ராவன்ஸ்ப்ரூக், மவுட்ஹவுசன் முகாம்களைத் தாண்டி அவர் உயிரோடு வந்தார். தந்தை பிரெதெரிக் டி யோங், பள்ளி ஆசிரியர், அதே ஆண்டு ஜூனில் பாரிசில் பிடிபட்டு 1944 மார்ச் 28 அன்று மோன் வலேரியனில் சுடப்பட்டார். ஃபிரான்ச்சியா திரும்பவில்லை.

இப்போது ஆற்றைப் பற்றி. நான் ஆற்றைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று உங்களில் மலைப்பிரியர்கள் நினைக்கக் கூடாது. 1943 டிசம்பர் 23 நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில் அந்த நீரோட்டம் இரண்டு பேரை இழுத்துக்கொண்டது. ஒருவர் கொமெத்தின் பெல்ஜியத் தலைவர்களில் ஒருவரான கவுண்ட் அந்துவான் துர்செல். இன்னொருவர் ஜிம் பர்ச் என்ற அமெரிக்க விமானி. வழிகாட்டிகளில் தலைசிறந்தவரான ஃப்ளோரென்டினோ கொய்கோயெச்சியா 1944 ஜூலையில் ரோந்துப் படையின் குண்டுபட்டு விழுந்தார். மலை கொன்றது, காயப்படுத்தியது, உண்மை. கால்சட்டையைக் கழற்றிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கைகோத்து, இடுப்பளவு பனிநீரில் நடந்த மனிதர்களின் நினைவாக நீங்கள் கரையில் நிற்பது சரிதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆறு கொண்டுபோனது இரண்டு பேரை. கைது செய்யப்பட்டுச் சுடப்பட்டும் முகாம்களில் மடிந்தும் போன கொமெத் உதவியாளர்களின் எண்ணிக்கை, மிகக் குறைவாகக் கணக்கிடுகிறவர்களின் கணக்கிலும் 150ஐத் தாண்டுகிறது. ஃப்ளோரென்டினோ எப்படிப் பிழைத்தார் என்பதும் வீட்டுக் கதைதான். பயோன் மருத்துவமனையில் காவலில் கிடந்தவரை, ஆங்லே ஊரில் இருந்த எல்விர் த க்ரீஃப் என்ற பெல்ஜியப் பெண்மணி ஏற்பாடு செய்த ஆட்கள் ஆம்புலன்சோடு வந்து, ஜெர்மானிய அதிகாரிகளைப் போல நடித்துத் தூக்கிப் போனார்கள். கோ அத்தை என்று எல்லோரும் அழைத்த அந்த எல்விர் கறுப்புச் சந்தையில் வாங்கி விமானிகளுக்குச் சாப்பாடு போட்டார்; கணவர் ஜெர்மானிய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு அங்கிருந்தே வெற்று அட்டைகளையும் அனுமதிச் சீட்டுகளையும் கொண்டுவந்தார்; பதின்வயது மகள் ஜனின் விமானிகளை ரயிலில் கூட்டிவந்தார். பாஸ்க் பகுதியில் வழி கடைசி வரை அறாமல் இருந்ததற்கு அந்தக் குடும்பம்தான் முதல் காரணம்.

விழுந்த விமானங்களின் கதையும் இதே திசையில்தான் நம்மைத் தள்ளுகிறது. பிரனீஸின் நடுப்பகுதியில் சான்-ழிரோனிலிருந்து ஸ்பெயினின் எஸ்தேரி வரை போகும் சுதந்திரப் பாதையில் உங்களில் பலர் நடந்திருப்பீர்கள். அங்கே மலைச்சரிவில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் சிதைந்த பாகங்கள் கிடக்கின்றன. எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். உலோகம் கண்ணைக் கட்டிப்போடும். கையால் தொட்டுப் பார்க்கலாம். அந்த விமானம் விழுந்தது 1945 ஜூலையில். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்கள் அஞ்சலிக்கு உரியவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதையில் எல்லையை நோக்கி ஓடியவர்களின் கதைக்கும் அந்த உலோகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எஞ்சியிருப்பதால் அது நினைவுச்சின்னமாகிவிட்டது. அடுக்களை எதையும் விட்டுவைப்பதில்லை. தட்டைக் கழுவி வைத்தார்கள், போலி அட்டையை எரித்தார்கள், படுக்கை விரிப்பை மாற்றினார்கள். தடயம் இல்லாமல் செய்வதுதான் அவர்கள் வேலையின் வெற்றி. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பின்தொடர்கிற நடைப்பாதை, அந்த வெற்றி காரணமாகவே அவர்களைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் இங்கே வேண்டுமென்றே நிற்க வேண்டியிருக்கிறது.

விமானிகளின் குடும்பத்தினருக்குத் தனியாகச் சில சொற்கள். உங்கள் தாத்தாவை ஓரமாக நகர்த்தச் சொல்லவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. அந்தக் கணக்கில் ஒரு பெயராகாமல் தப்பியவர் உங்கள் தாத்தா. அவரே இதில் என் பக்கம் நிற்பார் என்று நம்பக் காரணம் இருக்கிறது. தப்பி வந்த விமானிகள் போருக்குப் பிறகு ராயல் ஏர்ஃபோர்ஸ் தப்பியோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்றுகூடிப் பழங்கதை பேசுவதோடு அது நிற்கவில்லை. தங்களை ஒளித்து வைத்தவர்களையும் அவர்கள் விட்டுச்சென்ற குடும்பங்களையும் தேடிப் போய் உதவியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்தப் பணியைச் செய்துவிட்டு 1995இல் கலைந்தது. அதன் இலச்சினையில் ஒரு லத்தீன் வாசகம்: நடந்தால் தீரும் என்று பொருள். விமானியின் சிக்கல் நடந்தால் தீர்ந்தது. நடந்து நடந்து எல்லையைத் தாண்டிவிட்டால் ஜிப்ரால்டர், அங்கிருந்து இங்கிலாந்து. அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பெண்ணின் சிக்கல் நடந்து தீரக்கூடியது இல்லை. அவருடைய முகவரி மாறவில்லை. பிள்ளைகள் அதே பள்ளிக்குப் போனார்கள். போன ஆள் வழியில் பிடிபட்டு அடிதாங்காமல் வாய்திறந்தால், எந்த இரவிலும் கதவு தட்டப்படலாம். அந்தச் சங்கத்தார் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் தாங்கள் நடந்த பாதையைவிட, தாங்கள் தங்கிய வீடுகளைத் தேடி அதிகமாகப் போனார்கள்.

இன்னும் கடினமான ஒரு மறுப்பு இருக்கிறது. இந்த விமானிகள் யார்? குண்டு போட வந்தவர்கள் தானே? அவர்களைக் காப்பாற்றிய நாடுகளிலேயே அவர்கள் குண்டுகள் விழுந்தனவே? ஆமாம், விழுந்தன. 1943 ஏப்ரல் 5 அன்று ஆன்ட்வெர்ப் அருகே மோர்ட்செல் ஊரில் ஒரு விமானத் தொழிற்சாலையைக் குறிவைத்த அமெரிக்க விமானங்களின் குண்டுகள் குடியிருப்புகளில் விழுந்து 936 பேர் இறந்தார்கள். அவர்களில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள், பலர் வகுப்பறையில் இருந்தவர்கள். கொமெத்தின் பிரஸ்ஸல்ஸ் கிளைத் தலைவர் ஜான் கிரெய்ண்டல் கைதாகி, மரண தண்டனை பெற்று, எட்டர்பேக் படைக் குடியிருப்பில் அடைக்கப்பட்டிருந்தார். 1943 செப்டம்பர் 7 அன்று நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் அந்தக் கட்டடத்தின் மேல் விழுந்தன. அவர் அதில் இறந்தார். எந்த விமானிகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாரோ அவர்களின் தோழர்கள் போட்ட குண்டு. இதை நடையில் சொல்லாமல் மறைப்பது சரியில்லை. சொன்னால் நடையின் பெருமை குலையும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் செய்தது ஏதோ ஆரவாரத்தில் செய்த காரியம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். வானத்திலிருந்து வருவது என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இடிபாட்டில் அண்டை வீட்டுப் பிள்ளைகளைத் தோண்டி எடுத்த ஊர்களிலும், அடுத்த வாரம் விழுந்தவனுக்குக் கதவு திறந்தது. ஆக்கிரமிப்பை முடிக்க வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள்; வாசலில் ஒரு பையன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான் என்று கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள். மோர்ட்செல்லின் எண்ணைத் தெரிந்துகொண்டு நடக்கும்போதுதான் அந்தக் கதவின் கனம் நமக்குப் புரியும்.

வழிகாட்டிகள் கூலி வாங்கினார்கள், அவர்கள் கள்ளக்கடத்தல்காரர்கள் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. கூலி வாங்கினார்கள்தான். ஃப்ளோரென்டினோ போருக்கு முன்பே சரக்குக் கடத்தியவர். அதனால்தான் ஒவ்வொரு பாறையும் இருட்டில் அவருக்குத் தெரிந்திருந்தது, வழியில் புதருக்குள் கொன்யாக் பாட்டில்களை ஒளித்து வைத்துக்கொள்ளவும் தெரிந்திருந்தது. உயிரைப் பணயம் வைத்த உழைப்புக்குக் கூலி வாங்கியதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றி அதிகம் எழுதவும் வேண்டியதில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சொல்வீர்கள். வீடுகள் தனியார் சொத்து. யாரோ குடியிருக்கிறார்கள். இருநூறு பேர் கூட்டமாகப் போய் வாசலில் நிற்க முடியுமா? உள்ளே போகச் சொல்லவில்லை. தெருவில் நின்றாலே போதும். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. பிரெத்தாஞ் கடற்கரையில் ப்ளூஆ ஊருக்கு வெளியே, ஷெல்பர்ன் என்ற வேறொரு தப்பிக்கும் வழி இருந்தது. 1944இல் பிரிட்டிஷ் கடற்படையின் விரைவுப் படகு இருட்டில் கரையோரம் வந்து, போனபார்ட் என்று சங்கேதப் பெயர் வைத்த சின்னக் கடற்கரையிலிருந்து 130க்கு மேற்பட்ட விமானிகளை ஏற்றிப்போனது. கரைக்குப் போவதற்கு முன் அவர்கள் கூடியது ழான் ஜிக்கேல் என்ற உள்ளூர்க்காரரின் கல்வீட்டில். அல்ஃபோன்ஸ் வீடு என்பது அதன் சங்கேதப் பெயர். அல்ஃபோன்ஸ் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம் என்று பி.பி.சி. வானொலியில் சொன்னால் இன்றிரவு படகு வரும் என்று அர்த்தம். அங்கிருந்து கண்ணிவெடி புதைத்த சரிவில், வெடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி போட்டு அடையாளம் காட்டி இறக்கினார்கள். 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். இன்று அங்கே நடப்பவர்கள் முதலில் அந்த எரிந்த வீட்டின் இடத்தில் நின்றுவிட்டுத்தான் கடலை நோக்கி இறங்குகிறார்கள். வீட்டிலிருந்து கரைக்கு என்ற அந்த வரிசையிலேயே கதை முழுதும் வந்துவிடுகிறது. அதைக் கொமெத் வழியிலும் செய்ய முடியும்.

இப்படிச் செய்யலாம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். காலையில் குழுவாகக் கிளம்பும் முன், மலையின் உயரத்தையும் தொலைவையும் அறிவிக்கிற அதே குரலில், மரேஷால் வீட்டில் நடந்ததையும் 225 கிராம் ரொட்டியையும் அறிவியுங்கள். சிபூரில் கத்தாலின் அகிர் என்ற பெண்மணியும் விமானிகளை வீட்டில் ஒளித்து வைத்தவர்தான். அவர் பெயரையும், ஆங்லேயில் த க்ரீஃப் குடும்பத்தின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். ஆற்றைக் கடப்பதற்கு மட்டும் வரும் இளைஞர்களுக்கு இது தாமதமாகத் தோன்றும். தோன்றட்டும். காத்திருப்பதும் இந்த வழியின் ஒரு பகுதி. அதிகமான நேரம் போனது காத்திருப்பில்தான். கயிற்றுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுபோய் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இலேசு, ஈரத்தில் எவ்வளவு சீக்கிரம் ஊறிவிடும் என்று தெரியும். இதை மாட்டிவிட்டவர் மலைக்கு வரவில்லை, வாசலில் நின்று பார்த்தார் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

பிதெகாயின் பெர்ரியில் கொஞ்சம் நீண்ட நேரம் நில்லுங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது. 1943 ஜனவரி 15 அன்று அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகப்பட்டவர்களில் தேதே இரண்டரை ஆண்டுக்குள் பிரஸ்ஸல்ஸ் திரும்பினார். பிறகு ஆப்பிரிக்கத் தொழுநோய் மருத்துவமனைகளில் பல ஆண்டு செவிலியாக வேலை செய்து, 2007 அக்டோபரில் தம் 90 வயதில் இறந்தார். ஃபிரான்ச்சியா உசந்திசாகா 1945 ஏப்ரலில் ராவன்ஸ்ப்ரூக்கில் இறந்தார். அந்த மாதக் கடைசியில் செஞ்சேனை முகாமின் கதவைத் திறந்தது. உர்ரூன்யத்தில் மூன்று பிள்ளைகள் அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் நடையை மதிக்கும் ஒருவர்